ஜித்தாவில் பாதியான செய்தி

ஒலிபரப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இயந்திரங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் பழகிய டேப் மெஷின்களைத் தூக்கி எறிந்து வெகுகாலமாகிவிட்டது. பிளேடால் டேப்பை வெட்டி ஒட்டினோம் என்று சொன்னால் அருங்காட்சியகத்துப் பொம்மையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறீர்கள். பாருங்கள், பரவாயில்லை. நாங்கள் பிளேடால் வெட்டினோம், நீங்கள் மௌஸால் வெட்டுகிறீர்கள். எதை வெட்டுவது, எதை விடுவது என்பதை இன்னமும் ஒரு ஆள் உட்கார்ந்துதான் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் நேரம் கைவிட்டுப் போகும்போது. அப்படி ஒரு பிற்பகலைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அப்போது நாங்கள் லண்டனிலிருந்து சிற்றலையில் தமிழ் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தோம். இங்கே பிற்பகல் தேநீர் குடிக்கும் நேரத்தில் நாங்கள் பேசுவது அங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சேரும். ராமநாதபுரம் கடற்கரையிலும், மட்டக்களப்பிலும், வளைகுடா நாடுகளின் தொழிலாளர் விடுதிகளிலும் ரேடியோவை ஜன்னலோரம் வைத்து, ஏரியலை அப்படியும் இப்படியும் திருப்பிக் கேட்பார்கள். சிற்றலை ஒரு வாக்கியத்தைத் தரும், அடுத்ததை விழுங்கிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

தொண்ணூறாம் ஆண்டு ஈராக்கிடம் குவைத் பிடிபட்டு, சவூதி மண்ணில் அந்நியப் படைகள் வந்து இறங்கியபோது நேயர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மக்காவும் மதீனாவும் இருக்கிற நாட்டில் இவர்கள் நிற்கலாமா? முன்பு எப்போதாவது இப்படி நடந்ததுண்டா? என்னோடு வேலை செய்த வசந்தி, இதற்குப் பதிலாக ஒரு வரலாற்றுத் தொடர் செய்யலாம் என்றாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பில் வளர்ந்து, எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டை இழந்து இங்கே வந்து மோர்டனில் குடியிருந்தாள். கெட்டிக்காரி, அந்தக் கெட்டித்தனம் தனக்கே தெரிந்த கெட்டிக்காரி. அவளை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தொடரின் மூன்றாம் பகுதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளைப் பற்றியது. முதல் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில், புனித நகரங்கள் இருக்கும் ஹிஜாஸ் பகுதிக்காக இரண்டு அரபு அரசர்கள் மோதிக்கொண்டார்கள். இருவருமே ஏதோ ஒரு காலத்தில் பிரிட்டனின் தயவில் இருந்தவர்கள். இந்திய முஸ்லிம்கள் கொதித்துப்போனார்கள். பிரிட்டிஷ் அரசாங்கமோ, இது மத விஷயம், நாங்கள் தலையிடுவதில்லை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டது. ஆனால் ஜித்தாவுக்குப் போகிற கப்பல் அவர்கள் கையில், பாஸ்போர்ட் அவர்கள் கையில், அங்கிருந்து வருகிற தந்தியும் அவர்கள் பார்வையில். தலையிடாமல் இருப்பதற்கு இதைவிட வசதியான இடம் வேறு கிடையாது.

அந்த நேரத்தில் மதீனாவில் நபிகள் நாயகத்தின் அடக்கத்தலத்தின் மேலுள்ள பச்சைக் குவிமாடத்தில், ஹிஜாஸைப் பிடிக்க வந்த புதிய அரசரின் படை சுட்ட குண்டு விழுந்துவிட்டது என்று ஒரு செய்தி பரவியது. ஊர் ஊராகக் கடைகளை அடைத்தார்கள். கண்ணால் பார்த்து வரட்டும் என்று தூதுக்குழுக்கள் புறப்பட்டன. அப்படிப் போன ஒரு குழுவில் வடநாட்டுப் பெரிய மனிதர்களோடு ஒரு தமிழரும் இருந்தார். ராமநாதபுரம் கடற்கரையில் முத்து வியாபாரக் குடும்பத்தவர். அரபு நன்றாகத் தெரியும் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய மகன் லண்டனின் கிழக்கோரம் குட்மேய்ஸில் தன் மகள் வீட்டில் இருக்கிறார் என்று வசந்தி எங்கேயோ விசாரித்துக் கண்டுபிடித்தாள்.

அந்த மகன் காதர் ஹாஜியாருக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது. வசந்தி இலையுதிர்காலத்திலேயே போய் அவர் பேச்சைப் பதிவு செய்துகொண்டு வந்தாள். முழுவதையும் கேட்டேன். அவருடைய தந்தை ஜித்தாவில் வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறார். நகரம் முற்றுகையில். கடல்நீரைக் காய்ச்சி எடுத்த தண்ணீரைத்தான் குடிக்கவேண்டும். பிரிட்டிஷ் தூதரக அதிகாரி மிக மரியாதையாகத் தேநீர் கொடுத்து, மதீனாவுக்குப் போகவேண்டாம் என்றும் சொல்லாமல், போகலாம் என்றும் சொல்லாமல் வைத்திருந்தார். கடைசியில் தந்தை உட்படக் குழுவில் சிலர் ஒட்டகத்தில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தந்தை தான் கண்டதை அதிகாரியிடம் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். குவிமாடம் நிற்கிறது. அதில் குண்டு பட்ட தடமும் இருக்கிறது.

இந்தியாவில் ஊர்கள் அமைதியாக இருக்கவேண்டும் என்பது அதிகாரியின் கவலை. குவிமாடம் நிற்கிறது, நேரில் கண்ட இன்னார் சொல்கிறார் என்று முதல் வாக்கியம் மட்டும் தந்தியில் போயிற்று. பெயரோடு. புதிய அரசருக்கு வேண்டாதவர்கள் எப்படியோ இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, குண்டு பட்டது, அதே இன்னார் சொல்கிறார் என்று பத்திரிகையில் போட்டார்கள். அந்த மனிதர் ஊருக்குத் திரும்பியபோது ஒரு கூட்டம் அவரை வெள்ளைக்காரனிடம் வாங்கித் தின்றவர் என்றது. இன்னொரு கூட்டம் புனித இடத்தின் பெயரால் புதிய அரசர்மேல் பொய்ப்பழி போட்டவர் என்றது. அண்ணன் வீடு ஒரு பக்கம், மைத்துனர் வீடு மறுபக்கம். இரண்டு வீடுமே அவரைக் கைவிட்டன.

அந்தப் பதிவில் ஹாஜியார் சொன்ன ஒன்று இன்னும் என் காதில் இருக்கிறது. அவர்கள் ஊரில் விருந்தென்றால் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நான்கைந்து பேராக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்குச் சகன் என்று பெயர். அவர் சொன்னார்: “கல்யாண வீட்டுல எங்க வாப்பா சகன்ல உக்காந்தா, எதுத்தாப்புல நான் மட்டும்தான் உக்காந்திருப்பேன். மத்த இடம் காலியா கிடக்கும். வாப்பா மௌத்தாகுற வரைக்கும் அப்படித்தான்.” தந்தை இறந்த பிறகும் அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இவரோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. தந்தை சொன்ன இரண்டு வாக்கியமும் ஒரு முறையாவது சேர்ந்து ஊரின் காதில் விழவேண்டும். அதற்காகத்தான் ஹாஜியார் வசந்தியிடம் பேச ஒப்புக்கொண்டார். வேறு எதையும் அவர் எங்களிடம் கேட்டதில்லை.

நாங்கள் பதிவு செய்தபோது போர் தொடங்கவில்லை. ஜனவரியில் தொடங்கிவிட்டது. மூன்றாம் பகுதி ஒலிபரப்பாகவேண்டிய நாளில் ஏவுகணைகள் பறந்துகொண்டிருந்தன. எங்கள் சிற்றலை லண்டனில் கேட்காது என்பதால் ஹாஜியார் ஸ்டூடியோவில் உட்கார்ந்தே கேட்கிறேன் என்று காலையிலேயே ரயிலேறி வந்துவிட்டார். கோட்டும் தொப்பியும் பெருநாளுக்குப் போட்டதுபோல இருந்தன.

மதியம் கழிந்ததும் செய்தி மேசைக்கு ஒரு டெலிபோன் வந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து. மதீனாவில் ஏதோ விழுந்துவிட்டதாமே, உண்மையா? கொஞ்ச நேரத்தில் கல்முனையிலிருந்து இன்னொன்று. செய்தி நிறுவனங்களில் தேடினார்கள், ரியாத்தில் இருந்த நிருபரைப் பிடித்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வதந்தி. செய்தி மேசைக்காரர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்தார்.

என்னால் அப்படி விடமுடியவில்லை. வசந்தியின் நிகழ்ச்சி எப்படித் தொடங்குகிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய காலத்தைக் கண்முன் கொண்டுவருவதற்காக அவள் எங்கள் செய்தி வாசிப்பாளரையே பிடித்து, எங்கள் செய்திக்கு முன்னால் வரும் அதே மணியொலியை வைத்து, அதே குரலில் வாசிக்க வைத்திருந்தாள்: “மதீனாவில் நபிகள் நாயகத்தின் அடக்கத்தலத்தின் மீது குண்டுகள் விழுந்துள்ளதாகத் தகவல்கள் கிடைத்துள்ளன.” அதற்குப் பிறகுதான் இது இருபதுகளின் கதை என்ற அறிவிப்பு. பதிவான அன்று எல்லோரும் அவளைப் பாராட்டினோம். அன்றைய செய்தியை வாசிக்கப்போவதும் அதே ஆள், நிகழ்ச்சிக்குச் சில நிமிடங்களுக்கு முன்னால். சிற்றலை அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தந்துவிட்டு அறிவிப்பை விழுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படியொரு பிழையை வானொலிக்காரர்களால் மட்டும்தான் செய்யமுடியும்.

வசந்தியை அழைத்து எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். எத்தனை வாரத்து உழைப்பு. வதந்தி அவள் காதுக்கும் எட்டியிருந்தது, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். “அண்ணை, ஒரு வதந்தி வந்த அண்டைக்குத்தான் எங்கட வீடும் எரிஞ்சது. எனக்கு நீங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை” என்று சொல்லிவிட்டுப் பிளேடைக் கையில் எடுத்தாள். மணியொலியும் குரலும் இருந்த துண்டை அவளே வெட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அது எங்கள் வழக்கம். வெட்டிய துண்டை நிகழ்ச்சி போய் முடியும்வரை எறியக்கூடாது, கழுத்தில் மாலையாகத் தொங்கவேண்டும்.

அந்த வழக்கத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் தமிழ்ப் பிரிவின் தலைவர். ஆங்கிலேயர். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். வெட்டியது உன் மேலேயே கிடக்கட்டும், அப்போதுதான் என்ன செய்தோம் என்பது மறக்காது என்பார். நான் மதித்த மனிதர். வதந்தியைக் கேள்விப்பட்டு அவரே கீழே இறங்கி வந்தார். மீதி டேப்பை முழுவதும் போடச் சொல்லிக் கேட்டார். மொழி புரியாது, நான் கூடவே சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்டு முடித்துவிட்டு, குண்டு பட்ட தடம் என்ற வாக்கியத்தையும் எடுத்துவிடலாம் என்றார். குவிமாடம் நிற்கிறது என்பது போகட்டும், அது ஆறுதலான விஷயம், உண்மையும்கூட. மற்றதைப் போர் முடிந்த பிறகு ஒருநாள் முழுமையாகப் போடலாம் என்றார். யாரும் மேலிருந்து தன்னிடம் இப்படிச் சொல்லவில்லை, கேட்பவர்களைப் பற்றித்தான் தன் கவலை என்றார். நான் அதை நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம். கோபத்துக்குக் காரணம் அவர் இல்லை. அவர் சொன்னதில் ஒரு தவறும் எனக்குத் தென்படவில்லை, அதுதான் காரணம். ஜித்தாவில் தேநீர் கொடுத்த அந்த அதிகாரியை இத்தனை நாளும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அவரும் இதைத்தான் யோசித்திருப்பார். கடை எரியக்கூடாது, உயிர் போகக்கூடாது, பாதியைச் சொல்வோம், அந்தப் பாதி பொய் இல்லையே. அப்படி நல்ல எண்ணத்தோடு செய்த காரியத்தில்தான் ஒரு மனிதர் சாகும்வரை காலியான சகனுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

நேராக ஸ்டூடியோவுக்குள் போனேன். ஹாஜியார் மைக்குக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் எதையும் மறைக்கவில்லை. வதந்தியைச் சொன்னேன். இன்றைக்கு ஒத்திவைக்கலாம், அல்லது குவிமாடம் நிற்கிறது என்பதை மட்டும் போடலாம் என்று இருந்த வழிகளைச் சொன்னேன்.

“தம்பி, பாதிதான் ஏற்கெனவே போயிருச்சே. அதுக்கா நான் குட்மேய்ஸ்லேருந்து வந்தேன்? குப்பா நிக்கிதுன்னும் சொல்லணும், தடம் இருக்குன்னும் சொல்லணும். ஏலாதுன்னா சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போயிர்றேன். உங்க மேல வருத்தம் இல்ல.”

குப்பா என்று அவர் சொன்னது குவிமாடத்தை. அவர் சொல்லி முடித்ததும் என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. அவர் பேச்சைக் குறைப்பதில் பயன் இல்லை. அதைச் சுற்றி நாங்கள் கட்டியிருந்த அலங்காரத்தைத்தான் எடுக்கவேண்டும். டேப் வேண்டாம். இசை வேண்டாம். அவரே நேரடியாகப் பேசட்டும், நான் எதிரே உட்கார்ந்து கேட்கிறேன். தொடங்கும்போதே இன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவோம். ஒவ்வொரு வாக்கியத்திலும் என் வாப்பா காலத்தில் என்று அவர் சொல்லட்டும். எந்த இடத்தில் அலை விழுங்கினாலும் மிச்சம் பழைய கதையாகவே காதில் விழும்.

வெளியே வந்து தலைவரிடம் சொன்னேன். முழுவதும் போகும், அல்லது எதுவும் போகாது, பாதியை நான் போடமாட்டேன் என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணாடிக்கு அப்பால் ஹாஜியாரைப் பார்த்தார். பிறகு கட்டுப்பாட்டு மேசையில் தானே உட்கார்ந்து, ஒலியைக் குறைக்கும் குமிழின்மேல் கையை வைத்தார். நேரடி ஒலிபரப்பில் ஏதாவது விபரீதமாகப் போனால் தான் மூடிவிடுவதாகவும், எப்படிப் போனாலும் பதில் சொல்லவேண்டியவர் தான்தான் என்றும் சொன்னார். வசந்தி அவருக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு.

செய்தி முடிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. “நேயர்களே, இன்று இதுவரை மக்காவுக்கும் மதீனாவுக்கும் எந்தச் சேதமும் ஏற்பட்டதாகச் செய்தி இல்லை. இனி நீங்கள் கேட்கப்போவது அறுபது ஆண்டுகளுக்கும் முற்பட்ட கதை” என்று சொல்லிவிட்டு ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் நிதானமாகத் தொடங்கினார். கப்பல், ஜித்தா, காத்திருப்பு, தேநீர், ஒட்டகம். என் வாப்பா காலத்தில் என்று மறக்காமல் சொன்னார். கண்ணாடிக்கு அப்பால் வசந்தியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பிறகு அந்த இடம் வந்தது.

“எங்க வாப்பா அன்னைக்கிக் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னாக. குப்பா நிக்கிதுன்னு சொன்னாக.”

அதோடு அவர் குரல் அடைத்துக்கொண்டது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. வானொலியில் மௌனம் எவ்வளவு நீளம் என்பதை நீங்களும் ஒருநாள் அனுபவிப்பீர்கள். நிகழ்ச்சி முறிந்துவிட்டது என்று நினைத்து இசைக்குத் தாவ எந்தப் பொறுப்பாளருக்கும் கை பரபரக்கும். தலைவர் இப்போது மூடினால் அவரைக் குறை சொல்லவே முடியாது. அவர் மூடினால், குவிமாடம் நிற்கிறது என்பது மட்டும் போயிருக்கும். அறுபது வருடத்துக்குப் பிறகு மறுபடியும் அதே பாதி, அதுவும் மகன் வாயால்.

எனக்கும் வாய் துடித்தது. தடத்தைப் பற்றி நானே சொல்லிவிடலாம். ஆனால் அது என் வாக்கியம் இல்லை. ஹாஜியாரின் கையைப் பிடித்துக்கொண்டேன், சும்மா இருந்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். தலைவரின் கை குமிழின்மேலேயே இருந்தது. வசந்தி மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாமல் அவர் தோளைத் தொட்டபடி நின்றாள். குமிழின்மேல் இருந்த கை அசையவில்லை.

ஹாஜியார் ஒருமுறை மூச்சை இழுத்தார். “குண்டு பட்ட தடமும் இருக்குன்னு சொன்னாக. ரெண்டையும்தான் சொன்னாக, எங்க வாப்பா.”

அவ்வளவுதான். நான் நன்றி சொல்லி முடித்தேன், மீதி நேரத்துக்கு நாதஸ்வரம் போட்டோம். வெளியே வந்தபோது தலைவர் எழுந்து நின்று ஹாஜியாருக்குக் கை கொடுத்தார். கை ஈரமாக இருந்தது என்று ஹாஜியார் பின்னால் என்னிடம் சொன்னார். வசந்தி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, நான் கழிவறைக்குப் போய்விட்டேன்.

அந்த வதந்தி அன்றிரவே அடங்கியதா, எங்களால் அடங்கியதா, தானாக அடங்கியதா என்று எனக்குத் தெரியாது. எந்த ஊரிலும் கலவரம் என்று தகவல் வரவில்லை, அது மட்டும் தெரியும். ஒலிபரப்பில் நாம் செய்தது சரியா என்று பெரும்பாலும் நமக்குத் தெரியவே வராது. அதைத் தாங்கிக்கொள்ள முடியாதவர்கள் வேறு வேலை தேடிக்கொள்வது நல்லது.

இந்த ஒன்று மட்டும் தெரிய வந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஹாஜியார் எனக்கு டெலிபோன் செய்தார். காலையில் ஊரிலிருந்து பெரியப்பா மகன் அழைத்திருக்கிறார். இத்தனை வருடம் பேசாத ஆள். குவிமாடம் நன்றாக நிற்கிறது என்று வெள்ளைக்காரன் ரேடியோவில் போய் எப்படிச் சொல்லலாம் என்று கத்தியிருக்கிறார். கொழும்பில் கடை வைத்திருக்கும் மாமா மகன் மதியம் அழைத்திருக்கிறார். அவரும் அப்படித்தான், பேச்சுவார்த்தை இல்லாதவர். குண்டு பட்டது என்று பழைய அபாண்டத்தை மறுபடியும் கிளப்பினாயே என்று கத்தியிருக்கிறார். நான் பயந்துபோய், மன்னிக்கவேண்டும் ஹாஜியார், எங்களால்தான் உங்களுக்கு இந்தத் தொல்லை என்றேன்.

“என்ன தம்பி மன்னிப்பு? ரெண்டு வீட்டு ஆளுகளும் ஒரே நாள்ல என்னத் திட்டுறாக. அப்ப எங்க வாப்பா சொன்னது இந்தத் தடவ முழுசாப் போய்ச் சேந்திருக்கு” என்றார் அவர்.